பீர்பா காட்டிய இடம்

"முப்பது வருஷம் உள்ளே போடுங்க சார்! கொலைக்குக் குறைஞ்ச குற்றமா இது?" ஒரெஸ்தே மேஜையைக் குத்தியதில் இன்ஸ்பெக்டர் கலாண்ட்ரியின் காபி தளும்பியது.

காணாமல் போனது நாய்தான். ஆனால் ரொக்காவெர்னாவில் நாய் என்றால் வெறும் நாய் அல்ல. மண்ணுக்கடியில் விளையும் வெள்ளை ட்ரஃபிள் காளான் அங்கே தங்க விலை விற்கிறது. அது எந்த மரத்தடியில் கிடைக்கும் என்பதைக் கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லாமல் கண்ணை மூடுகிற ஊர். ரகசியம் தெரிந்த இன்னொரு ஜீவன் நாய் ஒன்றுதான்.

ஒரெஸ்தேக்கு ஏழு வருடமாக ட்ரஃபிள் திருவிழாவில் முதல் பரிசு வாங்கித் தந்தவள் அவருடைய நாய் பீர்பா. எட்டாவது திருவிழா நாளை. அவரோடு காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த ஜெர்மன்காரர்கள் புது பூட்ஸோடு ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார்கள்.

"யார் மேலயாவது சந்தேகம்?"

"வேற யாரு, அந்த நெவியோதான்! ரெண்டாவது பரிசு வாங்கி வாங்கி வயிறெரிஞ்சு கிடக்கான்."

கதவு திறந்தது. நெவியோவேதான். அவன் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் பீர்பா வாலை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"நான்தான் திருடினேன் சார். இவர் சர்ச்சுக்குக் காலைப் பூசைக்குப் போனப்போ அவிழ்த்துட்டுப் போனேன். இவ போற இடத்துக்கெல்லாம் பின்னாடியே போனேன். எழுதிக்குங்க."

தானாக வந்து மாட்டிக்கொள்ளும் திருடனைக் கலாண்ட்ரி பார்த்ததே இல்லை. இரண்டு நாளாக நல்ல மழை. நெவியோவின் பூட்ஸில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. அதையும் கவனித்தார். கேட்டால் வேலை கூடும் என்று விட்டுவிட்டார்.

"பாலத்தைத் தாண்டினதும் இழுத்தா பாருங்க, கையே பிய்ஞ்சிடுச்சு. நேரா ஒரு இடத்துல போய்ப் படுத்துட்டா. எந்த இடம்னு ஒரு எழுத்து விடாம எழுதணும் சார். நாளைக்கு மேடையில ஊருக்கே படிச்சுக் காட்டணும்."

ஒரெஸ்தேயின் முகம் வெளிறியது. "எழுதாதீங்க சார்! திருட்டே நடக்கலை. நான்தான் நாயைக் குடுத்தேன். மறந்துட்டேன்."

"இப்பதான முப்பது வருஷம்னீங்க?"

"வயசாச்சுல்ல சார். நெவியோ என் கூடப்பிறந்த தம்பி மாதிரி."

"நாளைக்குப் போட்டிக்கு வர்றீங்களாண்ணே?" என்று தம்பி குழைந்தான்.

"இல்லடா... எனக்குக் காய்ச்சல் வரும்போல இருக்கு."

நாயை வாரி அணைத்துக்கொண்டு ஒரெஸ்தே பின்வாசல் வழியாக ஓடினார். ஜெர்மன்காரர்கள் முன்வாசலில் காத்திருந்தார்கள்.

கலாண்ட்ரி புகாரைக் கிழித்துப் போட்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. நூடுல்ஸ் மேல் ஓசி ட்ரஃபிளைச் சீவிப் போட்டுச் சாப்பிடும் நப்பாசை அவருக்கும் உண்டு. நெவியோவை ஓரமாக இழுத்தார். "எனக்கு மட்டும் சொல்லுப்பா. எந்த மரத்தடி?"

"மரமா? பஸ் ஸ்டாண்ட் பார்சல் ஆபீஸ் சார். அங்கிருந்த ஆள் பீர்பாவுக்கு ஒரு துண்டு சலாமி இறைச்சி போட்டுட்டு, 'உன் எஜமான்கிட்டச் சொல்லு, குரோஷியாவுலேருந்து ட்ரஃபிள் சாயங்காலம்தான் வரும்'னான்."