ஊரில் இல்லாதவர்

"அவரு ஊர்ல இல்லீங்கண்ணா" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, படுக்கையறையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் அந்தக் கதவைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தாள்.

"பூனைங்கண்ணா" என்றாள் இவள்.

பீரோ திறக்கும் பூனை. சொன்ன அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை அத்தைக்காரிக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், மேலே பத்திரிகை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று வாங்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் இரண்டரை மணிக்கு வந்து உட்கார்ந்தால் அவள் யாரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவாள்?

உள்ளே அவள் புருஷன் காலையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தான்.

வேலை போனதிலிருந்து இதுதான். பம்பு கம்பெனியில் தரம் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்க வந்த ஆட்கள், எல்லா மோட்டாரையும் ஓட்டிப் பார்த்தாயிற்றா என்று கேட்டார்கள். முதலாளி தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே இவன், நாற்பதில் பதினொன்றுதான் என்றான். மறுநாள் வேலை இல்லை. அதில் தன் தப்பு என்ன என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. குடித்தால் அந்தக் கேள்வியின் இரைச்சல் குறைகிறதாம்.

ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. இவரிடம் எதையும் நேராகச் சொல்லுங்கள், சொன்னால் சொன்னபடி இருங்கள் என்றார்.

அவளும் இருந்தாள். ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்றால் ஐந்தே நிமிஷத்தில் வந்தாள். சட்டைக் காலரில் உறுத்தும் துணித் துண்டை வெட்டிக் கொடுத்தாள். குடியை நிறுத்த வைத்தியம் பார்க்க வியாழக்கிழமை தவறாமல் கூட்டிப் போனாள். வாந்தியைத் துடைத்தாள். அவன் பெயரில் வேலைக்கு விண்ணப்பம் எழுதினாள்.

பொய்யெல்லாம் மற்றவர்களிடம்தான். அதில் கை தேர்ந்துவிட்டாள். ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருக்கார், வர ரெண்டு நாளாகும். அம்மாவிடம் அப்படி. பக்கத்து வீட்டில் அப்படி.

கதவு திறந்தது.

இஸ்திரி போட்ட சட்டை, பட்டன்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன. தோளில் பை. நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றான். வாடை அவனுக்கு முன்னாலேயே கூடத்துக்கு வந்துவிட்டது.

"வாங்க மச்சான். வாங்கக்கா" என்றான்.

பிறகு அவளிடம் திரும்பினான். நாக்கு குழறியது. நேரம் மட்டும் குழறவில்லை.

"சிங்காநல்லூர்ல மூணு அஞ்சுக்குப் பல்லடம் பஸ். அதுல ஏறிட்டா மூணேமுக்காலுக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன். அதுவரைக்கும் நீ சொன்னது தப்பாத்தான் இருக்கும். அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

மன்னிப்புக் கேட்கிற குரல்.

பல்லடம் என்றதும் அவளுக்கு நினைவு வந்தது.

அம்மா வந்துபோன அன்று இவன் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தான். போய்த் தூக்கி வந்தாள். பக்கத்து வீட்டில் சொன்ன அன்று முழங்காலில் ரத்தத்தோடு திரும்பி வந்தான். குடிப்பதற்கு அவ்வளவு தூரம் போகணுமா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எதுக்குப் போனீங்க என்று கத்தினாள்.

"நீதானே சொன்னே" என்றான், இரண்டு முறையும்.

குடிகாரன் உளறல் என்று விட்டுவிட்டாள்.

அவள் வாயிலிருந்து வந்தது பொய்யாகிவிடக் கூடாது. அதற்காக, நிற்க முடியாத நிலையிலும் போய் பஸ் ஏறியிருக்கிறான்.

இத்தனை நாள் அவள் பயந்தது பிறந்த வீட்டாரின் பார்வைக்கு. இப்போது அவர்களை ஏறிட்டுப் பார்க்க முடிந்தது. இவனைத்தான் பார்க்க முடியவில்லை.

வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டக் குனிந்தவன் தடுமாறினான். ஓடிப் போய்ப் பிடித்தாள்.

"போக வேண்டாங்க. நான் சொன்னது பொய்."

அவன் நின்றான். பொய் என்று அவளே சொன்னபின் சரிசெய்ய ஒன்றுமில்லை. பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இவருக்கு வேலை போயிருச்சுங்கண்ணா. நாலு மாசமாக் குடிக்கிறாரு. நாந்தான் மறைச்சுட்டேன்."

"நாலு மாசம் ஒம்பது நாள்" என்றான் அவன்.

முந்தானையால் மூக்கை மூடியிருந்த அண்ணி கையை எடுத்தாள். அண்ணன் என்ன கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுந்து தாம்பாளத்தை எடுத்தார்.

"அம்மிணி, அவரக் கூட்டிட்டு வா. கெழக்கே பாத்து நில்லுங்க ரெண்டு பேரும்."

நின்றார்கள். அவன் முழங்கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் உடம்பு லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

தாம்பாளத்தை வாங்கக் கை நீட்டவில்லை அவன். முதலில் பத்திரிகையில் தேதியைப் படித்தான். ஆவணி பதினைந்து. ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான்.

பிறகு அவளிடம் கேட்டான். கோபமில்லை, குத்தலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அன்னைக்கு நான் ஊர்ல இருப்பனா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.