அரை ரொட்டியில் கால் ரொட்டி

வரிசை நகர்கிற வழியாக இல்லை.

ஏழாம் வகுப்பு பி பிரிவின் வாசலில், பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்காத குறையாகப் பரமசிவம் உட்கார்ந்திருந்தார். கிழக்கு தில்லியின் அந்தச் சின்னத் தனியார் பள்ளியில் இன்று பெற்றோர் சந்திப்பு. கேட்டில் காவலாளி “பேரண்ட்ஸா?” என்று கேட்டதற்கு, “பின்னே?” என்று முறைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார்.

மகளை இந்தப் பள்ளியிலிருந்து இன்றோடு விடுவித்துவிட வேண்டும். வந்த காரியம் அது ஒன்றுதான்.

நேரு பிளேஸில் இருக்கும் நண்பர் வாசுதேவன், யார் யாரையோ பிடித்து வேறொரு நல்ல இடத்தில் ஏற்பாடு செய்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தப்பினால் அது இன்னொருவருக்குப் போய்விடும். தில்லியில் நல்ல இடம் காலியாகவா கிடக்கும்?

வீட்டில் பேச்சை எடுத்தாலே மகள் எழுந்து போய்விடுகிறாள். பிடிவாதத்தில் அப்படியே அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள். இங்கே எழுந்து போக முடியாதல்லவா? அதனால்தான் அவளிடம் மூச்சுவிடாமல் துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து வந்திருந்தார்.

தாமதத்துக்குக் காரணம் அகல்யா டீச்சர்.

மற்ற வகுப்புகளில் மார்க் ஷீட்டை நீட்டினோமா, கையெழுத்து வாங்கினோமா என்று காரியம் முடிகிறது. இங்கே மட்டும் தனிக் கூத்து. பிள்ளை தன் அப்பா அம்மாவுக்குப் பாடம் நடத்த வேண்டுமாம். டீச்சர் வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாராம்.

“எங்க வீட்டுச் சமையல்காரிக்கு இவங்களைவிட ஜாஸ்தி சம்பளம். இதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா? ஜல்தி முடிச்சு அனுப்பினா என்ன?” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள்.

பரமசிவத்துக்குச் சுருக்கென்றது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

உள்ளே இப்போது ஜெயசீலன். விமான நிலையத்தில் காவல் பணி, சீருடையோடு வந்திருந்தார். போன வருடம் மகள் மதுமதி கணக்குப் பரீட்சையில் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தவளாம். திட்டு வாங்கத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

மதுமதி கரும்பலகையில் எழுதினாள். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு.

ஜெயசீலன் புருவத்தைச் சுருக்கினார். “வகுத்தா குறையத்தானே வேணும்? எப்படிம்மா கூடும்?”

பெண் திகைத்துவிட்டாள். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. கண் கலங்குகிறது.

பரமசிவத்துக்கே தாங்கவில்லை. சொல்லிக் கொடுத்துத் தொலையேன் அம்மா, குழந்தை அழப்போகிறது!

டீச்சர் சொல்லிக் கொடுக்கவில்லை. குனிந்து தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஒரு ரொட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அவ்வளவுதான்.

மதுமதி ரொட்டியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். சட்டென்று எடுத்து இரண்டாகக் கிழித்தாள்.

“தேக்கோ அப்பா, இங்க பாருங்க, இது அரை ரொட்டி. இதுக்குள்ள கால் ரொட்டி எத்தனை இருக்கு?”

“ரெண்டு,” என்றார் ஜெயசீலன். அரை ரொட்டியை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மேசையில் ஓங்கித் தட்டினார். “அட! ரெண்டு! இவ்வளவுதானா இது!”

அப்பனும் மகளும் சிரித்த சிரிப்பில் வராந்தாவே எட்டிப் பார்த்தது.

பரமசிவம் எழுந்து நின்றுவிட்டார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. அரசாங்கக் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கீழே இருப்பதைத் தலைகீழாகப் புரட்டிப் பெருக்கு என்றார் அந்தக் கால வாத்தியார், புரட்டினார், பெருக்கினார். ஏன் என்று கேட்டவன் தலையில் குட்டு விழுந்தது. அதோடு கேட்பதை விட்டவர்தான். இன்று, இந்த வயதில், ஒரு பொடிப்பெண் ரொட்டியைக் கிழித்து அதைக் காட்டிவிட்டாள். எப்பேர்ப்பட்ட விஷயம்!

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வாசுதேவன்.

“வேண்டாம் வாசு. உனக்குத்தான் வீண் சிரமம், மன்னிச்சுக்கோ. என் பொண்ணு இந்த ஸ்கூல்லயே இருக்கட்டும்.”

அந்தப் பக்கம் வாசுதேவன் ஏதோ கத்த ஆரம்பித்தார். பரமசிவம் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மனசு லேசாகி, பசிகூட எடுத்தது.

ஜெயசீலன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நிமிர்ந்த நடை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் அவருக்கு. தனியாக நின்ற பரமசிவம்தான் கிடைத்தார்.

“சார், உங்க பொண்ணு எந்த கிளாஸ்? கண்ணை மூடிக்கிட்டு இந்த டீச்சர்கிட்ட விட்டுருங்க சார். எங்கயோ போயிடும்.”

பரமசிவம் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். வராந்தா முழுக்கக் கேட்கும்படி, முக்கியமாகச் சமையல்காரி வைத்திருக்கும் அந்த அம்மாளுக்குக் கேட்கும்படி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“உள்ள உட்கார்ந்திருக்காளே அகல்யா டீச்சர், அவதான் சார் என் பொண்ணு!”