உடைந்த மூன்றாம் படி

மாடியில் தடதடவென்று யாரோ ஓடினார்கள். வீடு காட்ட வந்த புரோக்கருக்கு வியர்த்துவிட்டது.

"எலிதாங்க."

"செருப்புப் போட்ட எலியா?" என்றாள் வீடு பார்க்க வந்தவள். அவள் கணவன் சிரிக்கவில்லை.

புரோக்கர் மென்று விழுங்கினார். "சாயங்காலமானா குழந்தை ஓடுற மாதிரி கேட்கும்மா. குடிவந்த யாரும் ஒரு மாசம் தாங்கல. இந்தத் துறைமுகத் தெருவே வேணாம். கலங்கரை விளக்கத்துப் பக்கம் காட்டுறேன்."

"அங்கே இருந்து பார்த்தாச்சு. கோட்டைப் பக்கமும் பார்த்தாச்சு. எங்கேயும் தூக்கமில்லை."

"அதுக்காகப் பேய் வீட்டுக்கா?"

அவள் மாடியேறினாள். உடைந்த மூன்றாம் படியைக் குனிந்து பாராமலே தாண்டினாள்.

கணவன் சாவிக்குக் கை நீட்டினான்.

"பொண்ணு தவறின மறுவாரமே இந்த வீட்டைக் காலி பண்ணிட்டோம்ங்க. பாவம், இன்னும் எங்களைத்தான் தேடிட்டிருக்கா."