கொல்லையில் தொங்கிய கல்யாணம்

மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தீனதயாளன் அந்த டிவிடியைக் கையில் வாங்கினார். இரண்டு பக்கமும் பறவை எச்சம் காய்ந்து அப்பியிருந்தது. நடு ஓட்டையில் கட்டிய சணல் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் கொண்டுவந்திருந்தான் வந்தவன்.

"கருமம்! டீ குடிச்சிக்கினு இருக்கிறேன் தம்பி. கழுவியாவது எடுத்தாரக் கூடாதா?"

"கழுவுனா உள்ள இருக்கிறது இன்னா ஆவுமோன்னு அப்படியே எடுத்தாந்துட்டேண்ணே."

வெள்ளிமலையிலிருந்து காலை பஸ் பிடித்துச் சங்கராபுரத்தில் இருக்கும் அவர் கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தான். பெயர் செழியன் என்றான். சாமை விதைத்த கொல்லையில் குருவி விரட்டத் தொங்கவிட்ட டிவிடியாம் அது. வெயிலில் பளபளவென்று ஆடினால் குருவி அண்டாது.

"என் தங்கச்சி கோகிலவாணி கல்யாண வீடியோண்ணே. கட்டுனவன் இப்ப, இவ யாருன்னே தெரியாது, கூலி வேலைக்கு வந்தவள்னு சொல்றான். ஆல்பத்தையும் கொளுத்திட்டான், டிவிடிய கொல்லையில தொங்கவுட்டுட்டான். ஆவணில வேற பொண்ணக் கட்டப் போறான். ஊருல எல்லாம் அவன் பங்காளிங்க, ஒருத்தனும் சாட்சிக்கு வரமாட்டான். திங்கக்கெழம கோர்ட்டுல கேஸு. இந்த வீடியோவ வுட்டா வேற ஆதாரமே இல்ல."

தீனதயாளன் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். கல்யாண டிவிடியைக் குருவி விரட்டத் தொங்கவிடுகிறவனிடம் ஒருத்தி எப்படித்தான் குப்பை கொட்டினாளோ.

"தூ! மனுஷனா அவன்? அந்த மூஞ்சி மட்டும் என் கண்ணுல படட்டும், காறித் துப்புறேன்."

செழியன் ஆறிக்கொண்டிருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தீனதயாளன் டிவிடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். எச்சம் கரைந்து தண்ணீர் கலங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பஞ்சால், நடுவிலிருந்து விளிம்பு வரை நேராகத் துடைத்தார். வட்டமாகத் தேய்த்தால் பழைய கீறலோடு புதுக்கீறலும் சேர்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரிந்த கீறல்களில் பற்பசை தடவி அதே வாக்கில் தேய்த்தார். ஓரமெல்லாம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

புது டிரைவில் போட்டார். உள்ளே எதுவுமே இல்லை என்று காட்டியது கம்ப்யூட்டர். இன்னொரு டிரைவ் கரகரவென்று சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது.

"வராதாண்ணே?"

"இருப்பா, பாப்போம்."

"ஸ்டூடியோக்காரரு ஒரே நாள்ல ரெண்டு போட்டுக் குடுத்தாருண்ணே. அவரு இப்ப இல்ல, கடையும் இல்ல. இன்னொண்ணும் இதே கொல்லையில தொங்குனதுதான். அத தங்கச்சி வக்கீல்கிட்ட குடுத்திருக்குது. இதுல வரலன்னா, அதுலயும் வராதில்ல?"

"ரெண்டும் ஒரே வெயில்ல காஞ்சதுன்னா, அதுலயும் வராது."

செழியன் நீளமாக ஒரு மூச்சு விட்டான். பாவம், கூடப்பிறந்தவளுக்காக இவ்வளவு தூரம் அலைகிறானே என்று தீனதயாளனுக்கு இருந்தது. அலமாரி மேலிருந்த பழைய டிரைவைத் தூசி தட்டி இறக்கினார். புதுசுக்கு இருக்கிற அவசரம் அதற்குக் கிடையாது. மெதுவாகச் சுற்றும், விட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும்.

"டிவிடியில நடுவுலேர்ந்துதான் பதிவாவும் தம்பி. ஓரம் போனாலும் ஆரம்பம் தப்பிக்கும். வர்ற வரைக்கும் என் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிறேன்."

ஒன்று, இரண்டு என்று ஏறிய சதவீதம் பதினொன்றில் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

"வந்துட்டுது தம்பி! கொஞ்சம்தான், ஆனா வந்துட்டுது. இனிமே அந்த வக்கீல்கிட்ட இருக்கிறதையும் எடுத்துடலாம்."

செழியன் சடாரென்று எழுந்தான். "போதும்ண்ணே. டிவிடிய குடுத்துடுங்க, மத்தத வக்கீலே பாத்துக்குவாரு. உங்க கம்ப்யூட்டர்ல ஏறுனத அழிச்சிடுங்க. குடும்ப விஷயம் பாருங்க."

"இன்னா அவசரம்? அந்த மவராசன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுத் தரேன்."

"வேணாம்ண்ணே, பஸ்ஸு போயிடும்."

தீனதயாளன் அதற்குள் வீடியோவைத் தட்டிவிட்டிருந்தார். நாதஸ்வரம் கடை முழுக்க அலறியது. எல்லா ஸ்டூடியோக்காரர்களையும் போல இவரும் முக்கியமான காட்சியை முதலிலேயே போட்டிருந்தார். ரோஜா இதழ்கள் கொட்ட, பெரிய சிவப்பு இதயம் ஒன்று விரிந்தது. அதற்குள் கோகிலவாணி தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்துக்கு மஞ்சள் கயிற்றோடு இரண்டு கைகள் வந்தன, பின்னாலேயே முகமும் வந்தது.

தீனதயாளன் படத்தை அப்படியே நிறுத்தினார். திரையைப் பார்த்தார். திரும்பி, எதிரில் நின்றவனைப் பார்த்தார்.

"இன்னாடா இது, தங்கச்சி கழுத்துல நீயே தாலி கட்டிக்கினு இருக்கிற?"