நாற்பத்தெட்டுப் படிகள்

பதினாறாவது படியில் அவளுடைய முழங்கால் மடங்கியது.

முதுகில் கணவன். இரண்டாக மடித்த போர்வையை அவன் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, தன் இடுப்போடு இறுக்கி முடிந்திருந்தாள். அவன் தலை இடிபடாதபடி சுவரில் தோளை முட்டுக்கொடுத்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

அந்தச் சுவருக்கு வண்ணம் பூசியவனே அவன்தான். சாரத்திலிருந்து விழுந்த நாள்முதல் அவன் கால்கள் அவன் சொல் கேட்பதில்லை.

மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்கு நாற்பத்தெட்டுப் படிகள். லிப்ட் கதவில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டிய தாள் பதினொரு மாதங்களாகத் தொங்கியது. எழுத்து மங்கிவிட்டது, பழுது மங்கவில்லை.

கீழே சிகிச்சை மையத்து வேன் முதல் ஹாரனை அடித்தது.

மூன்றாவது ஹாரனுக்குப் பிறகு அது நிற்காது. மூன்று நாள் வராதவரின் இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அவளுடைய முழங்கால் வீக்கம் இரண்டு நாள்களை ஏற்கெனவே விழுங்கியிருந்தது. சென்ற வாரம்தான் அவனுடைய வலக்காலின் பெருவிரல் முதன்முறையாக அசைந்திருந்தது.

அவர்கள் இறங்கும்போதெல்லாம் படிக்கொரு முணுமுணுப்பு எழும். ‘இயேசுவே’ என்ற ஒரு சொல் மட்டும் கதவுகளுக்குள் கேட்கும். அதை வைத்து அந்தக் கட்டடம் அவளுக்கு ‘படி ஜெபக்காரி’ என்று பெயர் சூட்டியிருந்தது. பெயர் வைக்கப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. தோள் கொடுக்க ஒரு வீடுகூட இல்லை.

இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர், கையில் காபிக் கோப்பையோடு.

“என்னம்மா, இன்னைக்காவது உங்க இயேசுவை வந்து ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லக் கூடாதா?”

தினமும் அவர் கேட்கும் கேள்வி. மூச்சை வீணாக்காமல் தினமும் அவள் கடந்துபோகும் கேள்வி. இன்று கடக்கக் கால் இல்லை.

“அதைத்தாண்ணே நாங்க தினமும் கேக்குறோம். அவரு உங்க கதவைத்தான் காட்டுறாரு.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பார்.

இரண்டாம் ஹாரன்.

கோப்பை வாசற்படியில் அமர்ந்தது. செயலாளர் சட்டைக் கையை மடித்தார். அவள் போர்வை முடிச்சை அவிழ்த்தாள். அவள் சொல்லிக்கொடுத்தபடி ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்ற, நான்கு கைகளும் ஓர் இருக்கையாயின. கணவன் இரண்டு கழுத்துகளையும் வளைத்துக்கொண்டான். பாதிப் பாரத்துக்கு அவள் முழங்கால் இணங்கியது.

பதினேழு. பதினெட்டு. அவள் தனியாகச் சுமந்ததில் சரிபாதியைத் தூக்கி, ஐந்தாறு படிகளிலேயே செயலாளருக்கு நாக்குத் தள்ளியது. விரல்கள் நழுவத் தொடங்கின.

அப்போது அந்த முணுமுணுப்பு எழுந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உதடுகள் பூட்டியிருந்தன. பல்லைக் கடித்து, அடுத்த படியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரல் அவருடைய காதோரத்திலிருந்து வந்தது. பாரத்தின் வாயிலிருந்து வந்தது.

“இயேசுவே, இவ காலுக்குப் பெலன் தாரும்.”

பதினொரு மாதங்களாக, படிக்கு ஒன்றாக, தூக்கப்பட்டவன்தான் தூக்கியவளைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த படியில் அந்த ஜெபம் சற்றே நீண்டது. ‘அண்ணன் கைக்கும்’ என்று இரண்டு சொற்கள் அதில் சேர்ந்தன.

நழுவிய விரல்கள் இறுகின.

மூன்றாம் ஹாரனுக்குத் தேவை ஏற்படவில்லை. அதற்கு முன்பே, நாற்பத்தெட்டாம் படியில், மூன்று பேர் ஆமென் சொல்லியாயிற்று.