பார்த்தவர்கள் 2300

"போச்சு. மறுபடியும் கடைசிப் பக்கத்துக்குப் போயிருச்சு இந்தப் புள்ள" என்று முனகினார் கந்தப்பன்.

வேலம்பாளையத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிகளுக்கு லீவு என்பதால் கடை நிரம்பிவிடும். வருகிறவர்கள் வீடியோ தளத்தைத் திறந்து, முதல் பக்கத்தில் எதை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களோ அதையே தாங்களும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

நாகஜோதி மட்டும் விதிவிலக்கு. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், கம்பெனியில் தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை. வந்ததும் விறுவிறுவென்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போய் நாற்பதாவது பக்கத்தில் நிற்பாள். அங்கே நாலு பேர் பார்த்தது, ஏழு பேர் பார்த்தது, யாருமே பார்க்காதது என்று கிடக்கும். நல்லதாக ஒன்று அகப்பட்டால் அடுத்த வாரம் தோழிகள் மூன்று பேரை இழுத்து வந்து காட்டுவாள்.

இன்று கந்தப்பனுக்கு அவளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்து செல்போனை எடுத்துப் பார்த்தார்.

காலையில் மகன் பிரதீப் கோயமுத்தூரிலிருந்து பேசியிருந்தான். அங்கே காலேஜில் படித்துக்கொண்டே ஆறு நிமிஷப் படம் ஒன்றை எடுத்து நெட்டில் போட்டிருந்தான்.

"அடுத்த படம் எடுக்கலீங்கப்பா. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேமராவைக் கூட்டாளிகிட்டத் திருப்பிக் குடுத்தர்றேன். இத்தோட போதும்."

"ஏன்டா? ரெண்டாயிரத்து முந்நூறு பேரு பாத்திருக்காங்களேடா!"

"ஒருத்தரும் பாக்கலீங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

என்ன பேச்சு இது? எண்தான் கண்ணெதிரே நிற்கிறதே! ஆறு கம்ப்யூட்டரிலும் நெட்டைத் திறந்தால் முதலில் பிரதீப்பின் படம் வருகிற மாதிரி அவரே செய்து வைத்திருந்தார்.

மணி ஐந்தடித்தது. பொறுக்க முடியாமல் நாகஜோதியிடம் போனார்.

"ஏனம்மிணி, ஊரே பாக்கறத உட்டுப்போட்டு, நாதியில்லாமக் கெடக்கறதுல அப்படி என்ன இருக்குது?"

"கம்பெனிப் பழக்கம் அண்ணாச்சி. பண்டல்ல மேல இருக்கிற நாலு பீஸ் எப்பவும் பளிச்சுனுதான் இருக்கும். செக்கிங் வரும்னு அடுக்கி வச்சிருப்பாங்க. அத நம்பி பண்டல எடைபோட முடியுமா? அடியில உருவித்தான் பாக்கணும்."

"நல்ல நாயம் போ! அதனாலதான் எம்பையன் படத்த நீ சீந்தறதில்லையா? ரெண்டாயிரத்து முந்நூறு பேரு பாத்த படம்!"

"ஐயய்யோ, இது உங்க மகன் எடுத்ததா? தெறந்ததும் வருதா, ஏதோ வெளம்பரம்னு மூடிருவேன் அண்ணாச்சி!"

பக்கத்து நாற்காலிக்காரன் களுக்கென்று சிரித்தான்.

"வெளம்பரமா? பாரு. இப்பவே முழுசாப் பாத்துப்போட்டுச் சொல்லு. காசு வேண்டாம்."

திரையில் வட்டம் சுற்றியது. படம் கொஞ்சம் ஓடி நின்றது. மறுபடி சுற்றியது. ஆறு நிமிஷப் படத்துக்கு அரை மணி நேரம் ஆகும் போலிருந்தது. அதற்குள் கந்தப்பன் நாலு தடவை வாசலுக்கு நடந்துவிட்டார்.

திடீரென்று நாகஜோதி வாய்விட்டுச் சிரித்தாள். கந்தப்பன் ஓடிவந்தார்.

"எதுக்கு சிரிக்கற?"

"அந்த டெய்லரு பனியனோட ஒத்தக் கையத் தொலைச்சிட்டு ஊரெல்லாம் தேடுறாரே, கடைசில பாத்தா ஒரு மெக்கானிக் அதுலதான் கிரீஸத் தொடைச்சிட்டு நிக்கான்! நின்னதும் இல்லாம, 'இதுக்கு ஜோடி இருக்குதுங்களா'ன்னு இவருகிட்டயே கேக்கான்!"

"ஓ... அப்படியா வருது?" என்றார் கந்தப்பன்.

நாகஜோதி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

படம் முடிந்து, கறுத்த திரையில் எழுத்து வந்தது. அவள் சத்தமாக வாசித்தாள்.

"'படத்தைக் கடைசிவரை பார்த்தவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒருவர் எழுதினாலும் அடுத்த படம் எடுப்பேன்.'"

கீழே இறக்கிப் பார்த்தாள். வெறுமையாகக் கிடந்தது.

"இத்தன பேரு பாத்துட்டு ஒருத்தர் கூடவா எழுதல?"

கந்தப்பன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

அவள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். 'மெக்கானிக் ஜோடி கேட்ட இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கேமராக்காரரே, அடுத்தது எப்போது? - நாகஜோதி, செக்கிங்.'

"அடுத்த வாரம் எங்க லைன் வீட்டுப் பிள்ளைகளயும் கூட்டியாறேன் அண்ணாச்சி. நீங்களும் ஒரு வரி எழுதுங்க. தம்பிக்குச் சந்தோசமா இருக்கும்" என்று எழுந்து போனாள்.

மணி ஐந்தே முக்கால்.

கந்தப்பன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டை இழுத்தார். 'படம்' என்று தட்டினார். அதற்கு மேல் என்ன எழுதுவது? தட்டியதை அழித்தார்.

எண் கூடட்டும் என்று ஆறு கம்ப்யூட்டரிலும் மாற்றி மாற்றி, இரண்டாயிரத்து முந்நூறு தடவை தன் கையாலேயே திறந்து மூடிய மகனின் படத்தை, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்க ஆரம்பித்தார்.