முன்சக்கரம் ஆடுகிறது

காலையில் ஒரு கடைக்காரரை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கிளம்பிய ரவுடி சம்மட்டிக்குப் பாதி வழியில் கார் செத்துப்போனது. டிக்கியில் ரத்தம் காயாத அரிவாள்கள். போலீஸ் கண்ணில் படுவதற்குள் காரை ஊருக்கு வெளியே இழுத்துப் போய்க் கொளுத்தியாக வேண்டும்.

ஜீப்பை வரவழைத்தான். காரைக் கட்டி இழுக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட, பக்கத்துப் பட்டறைக்குள் புகுந்து மெக்கானிக்கின் மூக்கை உடைத்தான். புதியவர்களிடம் அவன் அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வான்.

ஜீப்பைச் சம்மட்டி ஓட்ட, கயிற்றில் பின்னால் வந்த காரில் மெக்கானிக் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். கொஞ்ச தூரத்திலேயே காரின் முன்சக்கரங்கள் குடிகாரன் கால்கள் மாதிரி ஆடின. சம்மட்டி இறங்கி வந்து அவன் தலையைக் கதவில் மோதினான்.

"நேரா பிடிக்கத் தெரியாதாடா?"

"நட்டு, டயர் எல்லாம் சரியா இருக்குண்ணே. ஓடும்போது வெளியிலேருந்து பாத்தாதான் கோளாறு தெரியும். நீங்க இதுல உக்காருங்க. நான் ஜீப்பை ஓட்டிக்கிட்டே கண்ணாடியில பாக்கறேன்."

"கண்டுபிடிக்கலேன்னா அடுத்து உன் கைதான்."

இடம் மாறினார்கள். கார் நூல் பிடித்தாற்போல் ஓடியது. சம்மட்டிக்கே பாராட்டத் தோன்றியபோது, ஜீப் சட்டென்று திரும்பி வேகமெடுத்தது.

"டேய், அந்தப் பக்கம் இல்லடா!"

என்ஜின் ஓடாத காரில் பிரேக் மிதித்தும் அமுங்காமல் கல்லாக இருந்தது. ஜீப் காவல் நிலையத்துக்குள் நுழைந்து நிற்க, கார் அதன் முதுகில் மோதியது. சம்மட்டியின் பற்கள் ஸ்டீயரிங்கில் சிதறின.

சூழ்ந்த போலீஸ்காரர்களை விலக்கிக்கொண்டு மெக்கானிக் ஜன்னலருகே பணிவாகக் குனிந்தான்.

"கோளாறு தெரிஞ்சுபோச்சுண்ணே. இவ்வளவு நேரம் ஸ்டீயரிங்கை ஆட்டினது நான்தான்."